பெரிய கிராணி மன்மோகன் சிங்

இந்தியாவோட பழைய ஒரு ரூபா நோட்டுல கையெழுத்து போடுறது ரிசர்வ் பேங்க் கவர்னர் கிடையாது, நிதித்துறை செயலாளர். ரெண்டு ரூபாயில இருந்து மேல உள்ள நோட்டுக்குத்தான் கவர்னர். 1976ல இருந்து 80 வரைக்கும் டில்லியில செயலாளரா இருந்தப்போ ஒரு ரூபாயிலயும், 1982 – 85ல பம்பாயில கவர்னரா இருந்தப்போ மத்த நோட்டுலயும் மன்மோகன் சிங் கையெழுத்து இருக்கு. ரெண்டுலயும் கையெழுத்து உள்ளவங்க கொஞ்ச பேருதான், நாகர்கோவில்ல பொறந்த எஸ். வெங்கிடரமணன் அதுல இன்னொருத்தரு. மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட்ல பழைய நோட்டு சேர்க்குற மாமா ஒருத்தர் இருக்காரு, ரெண்டையும் பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சிருக்காரு, அவர்கிட்டதான் நான் பாத்தேன்.

2024 டிசம்பர் 26ல மன்மோகன் 92 வயசுல காலமானதுக்கு அப்புறம் எல்லாரும் "அமைதியான பொருளாதார மேதை"ன்னு எழுதி முடிச்சாச்சு. நான் எழுத வந்தது வேற. அவர் வாழ்க்கை முழுக்க ராஜினாமா கடுதாசி ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு, அத யாரும் வரிசையா வச்சுப் பாக்கல. அத வச்சுப் பாத்தாத்தான் இந்த ஆளு எப்போ பலமா இருந்தாரு, எப்போ பலம் போச்சுன்னு தெரியுது.

அதுக்கு முன்னாடி கிராணி வேலையப் பத்தி ஒரு ரெண்டு வார்த்தை, தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்காக. ரப்பர் தோட்டத்துல தொரை, அதாவது மேனேஜர், இருப்பாரு, ரப்பர் பால் வெட்டுற சனங்க இருப்பாங்க, நடுவுல ஆபீஸ்ல கிராணி. செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) எழுதுறது, பால் எடைக்கு கணக்கு, சம்பளம் போடுறது, அட்வான்ஸ் பிடிக்கிறது, எல்லாம் அவர் பேனாவுல. ஒரு காலத்துல கிராணின்னா மலையாளி, இல்லாட்டி யாழ்ப்பாணத்தாரு. எங்கப்பா பால்வெட்டு குடும்பத்துல பொறந்து பாரம் ஃபைவ் முடிச்சு அந்த நாற்காலிக்கு வந்தவரு, கடைசியில பெரிய கிராணியாவும் ஆனாரு. தோட்டத்தோட வரவு செலவு தொரைக்குத் தெரியுறத விட பெரிய கிராணிக்கு நல்லா தெரியும், ஆனா தோட்டம் அவரோடது இல்ல, ஓட்டுப் போட்டு அவர யாரும் அங்க உக்கார வைக்கவும் இல்ல. அவர்கிட்ட இருக்குற ஒரே ஆயுதம் பேனாவ கீழ வைக்கிறதுதான். ஒரு தடவ பால் எடையில கை வைக்கச் சொன்னப்போ அப்பா ஆபீஸ் சாவிய மேசையில வச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு, அம்மா ஒரே அழுகை, மறுநாள் காலையில பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன்னாடி தொரை ஜீப்பு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. சாவி திரும்பி வந்துச்சு, எடை சரியா நின்னுச்சு.

மன்மோகன் இந்தியாவுக்கு பெரிய கிராணி. கேவலமா சொல்லல, கிராணி மகன் நான், பெருமையாத்தான் சொல்றேன்.

இப்போ பாகிஸ்தான்ல இருக்குற காஹ்ங்குற கிராமத்துல 1932 செப்டம்பர் 26ல பொறந்தாரு. சின்ன வயசுலயே அம்மா தவறிட்டாங்க, பாட்டி வளர்த்தாங்க. கரண்டு இல்லாத ஊரு, மண்ணெண்ணெய் விளக்கு, உருதுல படிப்பு. பிரதமரான பிறகும் இந்தி பேச்ச உருது எழுத்துலதான் எழுதி வச்சுப் படிப்பாரு. பிரிவினையில குடும்பம் அமிர்தசரஸ் வந்துச்சு. அப்புறம் பஞ்சாப் யூனிவர்சிட்டி, கேம்பிரிட்ஜ், அங்க 1957ல முதல் வகுப்பு, ஜோன் ராபின்சன், நிக்கோலஸ் கால்டர் மாதிரி ஆளுங்ககிட்ட பாடம். காசு பத்தாத நாள்ல கேட்பரி சாக்லேட்ட தின்னுட்டு படுத்துக்குவாராம், மக தமன் சிங் எழுதியிருக்காங்க. ஆக்ஸ்போர்ட்ல டாக்டர் பட்டம் 1962ல, இந்தியாவோட ஏற்றுமதி ஏன் வளர மாட்டேங்குதுன்னு ஆராய்ச்சி. சுதேசி, இறக்குமதி தடைன்னு எல்லாரும் பேசுன காலத்துல ஏற்றுமதிய இவ்வளவு அவநம்பிக்கையா பாக்காதீங்கன்னு சொன்ன ஆளு. 1991ல செஞ்சதுக்கு விதை அங்கதான் இருக்கு, ஆனா வெதைச்சு முளைக்க முப்பது வருசம் ஆச்சு, அது வரைக்கும் இவரே எதுக்கும் அரசாங்க அனுமதி கேக்குற லைசென்ஸ் ராஜ்யத்தோட ஆபீசுக்குள்ளதான் உக்காந்திருந்தாரு. இத அவர் பக்தருங்க சொல்ல மாட்டாங்க.

வாத்தியார் வேலை சண்டிகர் பக்கமும், 1969ல இருந்து 71 வரைக்கும் டில்லி ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸ்லயும். நடுவுல ஐ.நா.வோட வர்த்தக வளர்ச்சி அமைப்பான அன்க்டாட்ல ஒரு மூணு வருசம். 1971ல வர்த்தக அமைச்சுல ஆலோசகரா போனவரு, அதோட வகுப்பறைக்கு முழு நேரமா திரும்பி வரவே இல்ல. தலைமைப் பொருளாதார ஆலோசகர், செயலாளர், திட்டக் கமிஷன், ரிசர்வ் பேங்க், திரும்பவும் திட்டக் கமிஷன். ஒரே கட்டடத்துல எல்லா நாற்காலியிலயும் உக்காந்து பாத்தவரு மாதிரி வேற யாரும் அந்த நாட்டுல எனக்குத் தெரிஞ்சு இல்ல. எந்த ஃபைல் எந்த மேசையில போய் படுத்துக்கும்னு அத்துப்படி.

முதல் கடுதாசி கவர்னரா இருந்தப்போ. பிசிசிஐன்னு ஒரு வெளிநாட்டு பேங்க் (கிரிக்கெட் போர்டு இல்ல லா, இது வேற பிசிசிஐ), பாகிஸ்தான்காரர் ஒருத்தர் ஆரம்பிச்சது, இந்தியாவுல கிளை திறக்க லைசென்ஸ் கேட்டுச்சு. ரிசர்வ் பேங்க் வேணாம்னுச்சு. அரசாங்கம் கொடுக்கச் சொல்லிச்சு. அதோட விட்டாங்களா, வெளிநாட்டு பேங்குக்கு லைசென்ஸ் கொடுக்குற அதிகாரத்தயே ரிசர்வ் பேங்க்கிட்ட இருந்து எடுத்துடலாம்னு கேபினெட் வரைக்கும் போயிடுச்சு. அன்னைக்கு நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி. மன்மோகன் ராஜினாமாவ எழுதி அனுப்பிட்டாரு. இந்திரா காந்தி சமாதானம் பண்ணி இருக்க வச்சாங்க. அதிகாரம் ரிசர்வ் பேங்க்லயே தங்கிச்சு, ஆனா பேங்க் பம்பாயில கிளையும் திறந்துச்சு. பாதி ஜெயிச்சாரு, பாதி தோத்தாரு. அந்த பேங்க் உலகம் பூரா மோசடின்னு அம்பலமாகி 1991 ஜூலை 5ல பல நாட்டுல இழுத்து மூடுனாங்க. அந்த வாரம் மன்மோகன் எங்க இருந்தாருன்னு கொஞ்ச நேரத்துல வரும்.

ரெண்டாவது தடவ ராஜீவ் காலத்துல. திட்டக் கமிஷன் துணைத் தலைவரா இருந்தாரு, ராஜீவ் அந்தக் கமிஷன கோமாளிக் கூட்டம்னு சொன்னதா செய்தி வந்துச்சு. போயிடலாம்னு நினைச்சவர, கூட வேலை பாத்த சோமையாங்குற அதிகாரிதான் தடுத்தாரு. அதுக்குப் பிறகு ஜெனீவா, வளரும் நாடுகளோட சவுத் கமிஷனுக்கு செகரட்டரி ஜெனரல், தலைவர் தான்சானியாவோட முன்னாள் ஜனாதிபதி நியெரேரே. நம்ம ஊருக்காரங்களுக்கு ஒரு தகவல், அந்தக் கமிஷன் வரப்போகுதுன்னு 1986ல அணிசேரா நாடுகளோட ஹராரே மாநாட்டுல அறிவிச்சது அப்போ எங்க பிரதமரா இருந்த மகாதீர். அவர் புண்ணியத்துல வேலை கிடைச்சதுன்னு சொன்னா ரெண்டு பேருக்குமே கோவம் வந்திருக்கும்.

சரி, 1991. எங்க பக்கம் அந்த ஜூன் மாசம் யாருக்கும் மன்மோகன் கண்ணுல படல. மே 21ல ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் செத்தது, தோட்டத்துல லயம் லயமா அதே பேச்சு, அப்பா தமிழ் நேசன மடிச்சு மடிச்சு படிப்பாரு. அப்புறம் ஜூன் 24ல ஜெயலலிதா முதலமைச்சர். அதுக்கு மூணு நாள் முன்னாடி, 21ல, டில்லியில ஒருத்தர் நிதியமைச்சரா பதவி ஏத்தத யாரு பாத்தா?

அவருக்கே நம்பிக்கை இல்ல. நரசிம்ம ராவ் முதல்ல ஐ.ஜி. பட்டேல்னு இன்னொரு பழைய கவர்னரத்தான் கேட்டாரு, அவர் மாட்டேன்னுட்டாரு. ராவுக்கு நெருக்கமான பி.சி. அலெக்சாண்டர் மன்மோகனுக்கு போன் போட்டு சொன்னப்போ இவர் அத பெருசா எடுத்துக்கல, காலையில எப்பவும் போல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஆபீசுக்கு வேலைக்குப் போயிட்டாரு. ராவே கூப்பிட்டு, வீட்டுக்குப் போய் உடுத்திக்கிட்டு பதவி ஏத்துக்க வாய்யான்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. இன்னொண்ணும் ராவ் சொன்னாரு, நல்லா நடந்தா ரெண்டு பேருக்கும் பேரு, கெட்டுப்போச்சுன்னா நீங்க போகணும்னு. சிரிப்பா சொன்னாலும் ஒப்பந்தம் அதான். இவரோட ராஜினாமாவ அவங்களே முன்கூட்டி எழுதி வச்சுக்கிட்டாங்கன்னு வச்சுக்கோங்களேன்.

கைவசம் இருந்த அன்னியச் செலாவணி ரெண்டு மூணு வாரத்து இறக்குமதிக்குத்தான் வரும். வளைகுடா சண்டையில எண்ணெய் விலை ஏறிச்சு, வெளிநாட்டு இந்தியருங்க டெபாசிட்ட எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, கடன் கொடுக்க ஆளில்ல. சந்திரசேகர் அரசாங்கம் மே மாசமே 20 டன் தங்கத்த சுவிஸ் பேங்க்ல வச்சு 200 மில்லியன் டாலர் புரட்டிச்சு, ஜூலையில கிட்டத்தட்ட 47 டன் பேங்க் ஆப் இங்கிலாந்துக்கு விமானத்துல போச்சு, அதுல 400 மில்லியன். எங்கூர்ல தீபாவளிக்கு முன்னாடி அடகுக் கடையில வரிசை நிக்கிறத பாத்து வளர்ந்தவங்களுக்கு இதுல விளக்க வேண்டியது ஒண்ணும் இல்ல, தாலிக்கொடி வீட்ட விட்டுப் போறப்போ எப்படி இருக்கும்னு எங்க அம்மாங்கள கேளுங்க. அந்தத் தங்கத்த வருசம் முடியுறதுக்குள்ள கடன அடைச்சு மீட்டாங்க, அத நிறைய பேர் சொல்றது இல்ல.

ரூபா மதிப்பு குறைச்ச கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு தவணையா குறைக்கணும்னு திட்டம், ரகசியப் பேரு "ஹாப், ஸ்கிப் அண்ட் ஜம்ப்", துள்ளி, தாவி, குதிங்குற மாதிரி. ஜூலை 1ல ஒரு 9 சதவீதம் கிட்ட இறக்குனாங்க. கட்சிக்குள்ள சத்தம் வந்துச்சு, ராவ் பயந்துட்டாரு, ரெண்டாவது இறக்கம் வேணாம்னு 3ஆம் தேதி காலையில மன்மோகனுக்கு சொன்னாரு. இவர் ரிசர்வ் பேங்க் துணை கவர்னர் சி. ரங்கராஜனுக்கு போன் போட்டாரு. ரங்கராஜன் சொன்ன பதில், நான் ஏற்கனவே குதிச்சுட்டேன். முடிஞ்சது, இன்னொரு 11 சதவீதம். ஒரு டாலருக்கு 21 ரூபா சுமாரா இருந்தது 26 கிட்ட வந்துடுச்சு. 1998ல ரிங்கிட்ட ஒரு டாலருக்கு 3.80ல கட்டுனப்போ நம்ம கோப்பிக் கடையில எவ்வளவு பேச்சு பேசுனோம், இங்க அதே மாதிரி கனமான முடிவு ஒரு போன் கால் கொஞ்சம் லேட்டானதுல நின்னுச்சு. அன்னைக்கு கவர்னர் மேல சொன்ன அதே வெங்கிடரமணன், துணை கவர்னர் ரங்கராஜன், வர்த்தக அமைச்சர் ப. சிதம்பரம். இந்தியாவோட பொருளாதாரத்த திருப்புன அந்த வாரத்துல தமிழ் பேசுறவங்க மூணு பேர் நடு மேசையில இருந்திருக்காங்க, அத நாம ஒரு வரி கூட பேசுனது இல்ல, சினிமாக்காரங்க பொறந்தநாள் மட்டும் தேதியோட தெரியும்.

ஜூலை 24ல பகல்ல தொழில் கொள்கை, சாயங்காலம் பட்ஜெட். லைசென்ஸ் 18 தொழிலுக்கு மட்டும்னு சுருக்குனாங்க, வெளிநாட்டு முதலீடு 51 சதவீதம் வரைக்கும் முக்கியமான தொழில்ல தானா அனுமதி. நேரம் வந்த கருத்த உலகத்துல எந்த சக்தியும் தடுக்க முடியாதுன்னு விக்டர் ஹியூகோ வரிய சொல்லி முடிச்சாரு. அந்தப் பேச்ச எல்லாரும் மேற்கோள் காட்டுறாங்க, ஆனா அதே பட்ஜெட்ல உர விலைய 40 சதவீதம் ஏத்துனதுக்கு சொந்தக் கட்சிக்காரங்களே அவரப் போட்டு வறுத்து எடுத்தாங்க. கடைசியில 30ஆ இறக்கி, சின்ன விவசாயிக்கு விலக்கு கொடுக்க வேண்டி வந்துச்சு. தொகுதி இல்லாத அமைச்சர் அப்படித்தான் இறங்கி வரணும். ராஜ்யசபா சீட்டுதான் கடைசி வரைக்கும் அவருக்கு ஆதாரம், முதல்ல அசாம்ல இருந்து, பிறகு ராஜஸ்தான். மக்கள்கிட்ட நேரா போய் ஓட்டு கேட்டது ஒரே ஒரு தடவ, 1999ல தெற்கு டில்லி, பாஜகவோட வி.கே. மல்ஹோத்ராகிட்ட தோத்தாரு.

ஆனா நான் அவர் சாதனையில முதல்ல வைக்கிறது 1991 இல்ல. 1994 செப்டம்பர். அது வரைக்கும் டில்லிக்கு காசு பத்தலன்னா "அட் ஹாக்"னு ஒரு சீட்ட எழுதி ரிசர்வ் பேங்க்ல கொடுக்கும், பேங்க் புதுப் பணத்த உருவாக்கிக் கொடுத்துடும், கேள்வி கிடையாது. கேக்குறதுக்கு சின்ன விசயமா இருக்கும், விலைவாசி ஏறுறதுக்கு அது ஒரு பெரிய ஓட்டை. கவர்னரா இருந்தவருக்கு அந்த ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும், இப்போ அந்த ஓட்டையால லாபம் அடையுற அமைச்சோட தலைவரே அவருதான், ஆனாலும் அன்னைக்கு கவர்னரா வந்திருந்த ரங்கராஜனோட ஒப்பந்தம் போட்டு மூணு வருசத்துல அத ஒழிச்சுக் கட்ட ஒத்துக்கிட்டாரு. தன் கைய தானே கட்டிக்கிட்ட நிதியமைச்சர். 1997ல முடிஞ்சது, அப்போ நிதியமைச்சர் சிதம்பரம். இதுக்கு கைத்தட்டு இல்ல, சிலை இல்ல, ஒரு பயலுக்கும் தெரியாது. மத்திய பேங்க்ல உக்காந்துட்டு அமைச்சரா வந்தவராலதான் இத செய்ய முடியும்னு நினைக்கிறேன்.

நடுவுல பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா விவகாரம். 1992ல பங்குச் சந்தை ஊழல் வெடிச்சு, பாராளுமன்றக் கூட்டுக் குழு அறிக்கை வந்தவுடனே மன்மோகன் மறுபடியும் கடுதாசி கொடுத்தாரு. ராவ் வாங்கிக்கல. திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு தடவையும் இவர் மதிப்பு ஏறிக்கிட்டே போச்சு, அத கவனிங்க.

2004 மே 22ல பிரதமர். எங்க ஊருல பழைய ஆளுங்க "வங்காளி பிரதமர் ஆயிட்டாருப்பா"ன்னு சந்தோசமா பேசிக்கிட்டாங்க, எங்க பக்கம் சீக்கியருக்கு அந்தப் பேரு, பேராக்ல சீக்கியர் இல்லாத டவுன் இருக்கா என்ன. அந்த பத்து வருசத்த இங்க விரிச்சு எழுதல, நூறு நாள் வேலை, தகவல் உரிமைச் சட்டம், 2ஜி, நிலக்கரி, எல்லாம் நீங்க படிச்சதுதான். நம்ம பக்கம் பட்டது மட்டும் சொல்றேன். 2007 நவம்பர் 25ல மலேசிய இந்தியர் உரிமைக்கு நடந்த ஹிண்ட்ராப் பேரணி, கண்ணீர்ப்புகை, தண்ணி பீச்சல், எங்க ஊர்ல இருந்தும் பஸ்ஸுல போனாங்க. கருணாநிதி மன்மோகனுக்கு கடிதம் எழுதுனாரு, எங்க அமைச்சர் நஸ்ரி அசிஸ் உங்க மாநில வேலையப் பாருங்கன்னு திருப்பிச் சொன்னாரு. மன்மோகன் அளந்து பேசுனாரு, இந்திய வம்சாவளி மக்களுக்கு கஷ்டம்னா எங்களுக்கு கவலைதான்னு. எங்காளுங்களுக்கு அது பத்தல. நாலு மாசம் கழிச்சு 2008 மார்ச்ல 1974ல இருந்து எங்க எம்பியா இருந்த சாமிவேலுவ எங்க ஊரே தோக்கடிச்சுச்சு, கோவம் எவ்வளவு இருந்துச்சுன்னு அதுல தெரியும். டில்லி வந்து காப்பாத்தும்னு நினைச்சது நம்ம தப்பு, அவர் தப்பு இல்ல. 2010 அக்டோபர்ல வந்து அப்போ எங்க பிரதமரா இருந்த நஜிப்போட சேர்ந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவ திறந்து வச்சுட்டுப் போனாரு, கடைக்காரங்களுக்கு வாடகை ஏறுனதுதான் மிச்சம்னு அங்க உள்ள என் மச்சான் சொல்லுவான்.

அதவிட பெரிசா எனக்குப் பட்டது மன்மோகன் செத்த பிறகு, அப்போ எங்க பிரதமரா இருந்த அன்வார் எழுதுனது. ரெண்டு பேரும் தொண்ணூறுகள்ல ஒரே நேரத்துல நிதியமைச்சர். அன்வார் ஜெயில்ல இருந்தப்போ அவர் பிள்ளைங்களுக்கு, குறிப்பா மகன் இசானுக்கு, ஸ்காலர்ஷிப் தர முன்வந்தாராம் மன்மோகன். அன்வார் வேணாம்னுட்டாரு. மலேசிய அரசாங்கத்துக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சே செஞ்சிருக்காரு. ஸ்காலர்ஷிப்புல கேம்பிரிட்ஜ் போன பையனுக்கு அதோட அருமை தெரியாதா.

கடுதாசிக்கு திரும்புவோம். 2008ல அமெரிக்காவோட அணு ஒப்பந்தம், இடதுசாரிங்க ஆதரவ எடுத்துருவோம்னாங்க, காங்கிரஸ் தலைமை தயங்குச்சு. இது நடக்கலன்னா நான் போறேன்னு சோனியாகிட்ட சொன்னதா கூட இருந்தவங்க எழுதியிருக்காங்க. பலிச்சது. ஜூலை 22ல நம்பிக்கை ஓட்டு, 275க்கு 256. அவர் அரசியல் வாழ்க்கையில உச்சம் அதான், 2009 ஜெயிச்சதுக்கும் அதுல பங்கு இருக்கு.

அப்புறம் 2013 செப்டம்பர் 27. தண்டனை வாங்குன எம்பிங்க பதவிய காப்பாத்துற அவசரச் சட்டத்துக்கு இவர் கேபினெட் ஒப்புதல் கொடுத்திருந்தாங்க, இவர் அமெரிக்காவுல இருக்காரு, ராகுல் காந்தி பிரஸ் கிளப்ல வந்து இது சுத்த அபத்தம், கிழிச்சுப் போடணும்னுட்டாரு. நியூயார்க்ல திட்டக் கமிஷன் துணைத் தலைவரா இருந்த மொந்தேக் சிங் அலுவாலியாகிட்ட மன்மோகன் கேட்டிருக்காரு, நான் ராஜினாமா பண்ணணுமான்னு. இந்த விசயத்துக்கு போறது சரியில்லன்னு மொந்தேக் சொன்னாரு, பிறகு தன் நினைவுக் குறிப்புல அத எழுதியும் இருக்காரு. மன்மோகன் திரும்பி வந்து உக்காந்தாரு. முன்ன எல்லாம் யார்கிட்டயும் கேக்காம எழுதுனவரு, இப்போ பண்ணணுமான்னு கேக்குறாரு. நான் சொல்றது அந்த எடத்துலதான் அவர் முடிஞ்சு போச்சு. சாவிய வைக்கத் தெரிஞ்சவரு வைக்கல.

எங்க ஊர்ல ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர், பொருளாதாரம் சொல்லிக் கொடுத்தவரு, இத ஒத்துக்கவே மாட்டாரு. தே தாரேக்க ஆறவிட்டு ஆறவிட்டு பேசுவாரு. "தம்பி, அந்த ஆகஸ்ட் கடைசியில ரூபா என்ன விலை? ஒரு டாலருக்கு 68 தாண்டிடுச்சு. அமெரிக்கா காசு அச்சடிக்கிறத குறைக்கப் போறேன்னதுக்கே இந்தியாவுல இருந்து பணம் ஓடுச்சு. செப்டம்பர் 4ல ரகுராம் ராஜன கவர்னரா கொண்டாந்து உக்கார வச்சு மூணு வாரம்தான் ஆகுது. அப்போ பிரதமர் ராஜினாமான்னா மறுநாள் காலையில ரூபா எங்க நிக்கும்? மானத்துக்காக போற வயசா அது? அந்தாளு உள்ளுக்குள்ள கவர்னர்யா."

"சார், ராஜன் இருந்தாரு, சிதம்பரம் நிதியமைச்சரா இருந்தாரு, ரூபா நின்னிருக்கும்"னு நான் சொல்லுவேன்.

"நின்னிருக்குமா? 91ல எத்தனை வாரத்துக்கு காசு இருந்துச்சுன்னு நீதான சொன்ன, அத கண்ணால பாத்தவன் அந்த மாதிரி சூதாடுவானா?"

அதுக்கு மேல எங்க ரெண்டு பேருக்கும் வழக்கு தீரல. எட்டு மாசம் கழிச்சு தேர்தல்ல காங்கிரசுக்கு 44 சீட்டு, ரூபா 60க்கு கிட்ட வந்திருந்துச்சு. வாத்தியார் ரெண்டாவது நம்பர காட்டுறாரு, நான் முதல் நம்பர காட்டுறேன்.